பதமிட்ட எஃகு கோணாதிருக்க

திருவள்ளூர் மாவட்டத்தில் வயலும் எந்திரச்சாலையும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் இருக்கிறது. காக்களூரிலும் திருமழிசையிலும் சிட்கோ தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. கடம்பத்தூர் ஒன்றியத்துக் கிராமங்களிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் ஆலை வேலைக்குச் செல்லும் இளைஞர் பலர். அவருள் சிலர் தொழிலைக் கற்றுத் தேர்ந்தபின், ஒரு கடைசல் எந்திரமும் சிறு உலையும் அமைத்துக்கொண்டு, பெரிய ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்க முன்வருகின்றனர். மற்றொரு புறத்தில், அரிவாளும் உளியும் கடப்பாரையும் செய்து தரும் கொல்லர் உலைகளும் கிராமங்களில் இன்னும் அணைந்துவிடவில்லை.

இவ்விரு சாராருக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. அளவு தவறாமல் கடைந்து முடித்த பாகம், உலையில் காய்ச்சித் தோய்த்து எடுத்தவுடன் கோணிப் போகிறது. நேராக இருந்த தண்டு வளைகிறது. வட்டமாக இருந்த வளையம் முட்டை வடிவாகிறது. தட்டையாக இருந்த தகடு அப்பளம்போல் நெளிகிறது. அதுவரை அதில் செலுத்திய உழைப்பெல்லாம் அந்த ஒரு கணத்தில் வீணாகிறது.

இதன் நட்டம் எவ்வளவு என்பதை ஒரு கணக்கினால் விளக்குவோம். எடுத்துக்காட்டாக, ஒரு சிறு பட்டறை 100 தண்டுகள் செய்து தர ஒப்புக்கொள்கிறது எனக் கொள்வோம். தண்டு ஒன்றுக்கு எஃகு, கடைசல் கூலி, மின்சாரம், உலைச் செலவு எல்லாம் சேர்ந்து ரூ. 200 ஆகிறது, விலை ரூ. 230. நூறும் தேறினால் வரவு ரூ. 23,000, செலவு ரூ. 20,000, மிச்சம் ரூ. 3,000. பதின்மூன்று தண்டுகள் கோணித் தள்ளுபடியானால், மீதி 87 தண்டுகளுக்கு வரவு ரூ. 20,010. செலவோ அதே ரூ. 20,000. ஆகவே மிச்சம் பத்தே ரூபாய்! நூற்றுக்குப் பதின்மூன்று கோணினால் முழு இலாபமும் போய்விடுகிறது. அதற்கு மேல் கோணுவதெல்லாம் கைப்பொருள் நட்டமாகும். கடன் பெற்று உலை அமைத்த இளைஞருக்கு இது சிறிய செய்தியன்று.

கோணலைத் தொட்டியருகே நின்று தடுக்க முயல்வோர் பலர். ஆயின் கோணலின் பெரும்பகுதி, பாகம் தொட்டிக்கு வருமுன்பே அதனுள் விதைக்கப்பட்டுவிடுகிறது. வடிவம் வரைதல், கடைதல், சூடேற்றுதல் ஆகிய முதற்படிகளிலேயே அதனைக் களைய வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

எஃகு ஏன் அசைகிறது?

எஃகு என்பது இரும்போடு சிறிதளவு கரி சேர்ந்த உலோகம். கரி கால் விழுக்காட்டுக்கும் குறைந்த மெல்லெஃகை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் உளிக்கு வேண்டிய கடினம் வாராது. கரி 0.4 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள எஃகே நன்கு கடினமாகும். இதனைச் செஞ்சூட்டுக்குக் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ விரைந்து குளிர்விப்பதைக் கொல்லர்கள் துவைச்சல் என்றும் தோய்ச்சல் என்றும் கூறுவர். ஆலைகளில் ஹார்டனிங் என்பர். தோய்த்தபின் மீண்டும் மிதமாகச் சூடேற்றி, அதன் முறிதன்மையைக் குறைப்பது டெம்பரிங் என வழங்கும் பதம் தணித்தலாகும்.

இவ்வேலையின்போது எஃகை இரண்டு சக்திகள் அசைக்கின்றன.

முதலாவது, சூட்டினால் விரிதலும் குளிரினால் சுருங்குதலும். கடம்பத்தூர் நிலையத்தின் வழியே செல்லும் சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையை நாம் அனைவரும் அறிவோம். 13 மீட்டர் நீளமுள்ள ஒரு தண்டவாளம், தடையின்றிக் கிடந்து, அதன் வெப்பநிலை 30 டிகிரி உயர்ந்தால், சுமார் 4½ மில்லிமீட்டர் நீளும். வெயிலின் சூட்டுக்கே இவ்வாறாயின், உலையின் சூட்டுக்குக் கேட்க வேண்டுமா? ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு 800 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சப்படும்போது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீள்கிறது. குளிரும்போது அவ்வளவும் சுருங்க வேண்டும்.

இரண்டாவது, எஃகின் உள்ளமைப்பு மாறுதல். சுமார் 727 டிகிரியைத் தாண்டும்போது இரும்பின் அணுக்கள் தம் அணிவகுப்பை மாற்றிக்கொண்டு முன்னிலும் நெருக்கமாக அமையத் தொடங்குகின்றன. கரி அதனுள் கரைகிறது. மெதுவாகக் குளிரவிட்டால் கரி பிரிந்து வெளிவர நேரம் கிடைக்கிறது. எஃகு மென்மையாகவே இருக்கும். திடீரெனக் குளிர்வித்தால் கரி வெளிவர வழியின்றி உள்ளேயே சிறைப்பட்டு, மிகக் கடினமான ஓர் அமைப்பு உண்டாகிறது. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸ் அவர்களின் பெயரால் இதனை மார்ட்டென்சைட் என அழைக்கின்றனர். இது பிறக்கும்போது எஃகு சுருங்குவதில்லை, மாறாக விரிகிறது. கரி மிகுந்த எஃகில் இந்த விரிவு கன அளவில் 4 விழுக்காடு வரை ஆகலாம்.

ஒரு தண்டைப் படுக்கை வசத்தில் நீரில் இட்டால் நடப்பதை இப்போது எண்ணிப் பார்ப்போம். அடிப்பக்கம் முதலில் நீரைத் தொட்டுச் சுருங்கி, தண்டைத் தன் பக்கம் வளைக்கிறது. மேற்பக்கம் இன்னும் செஞ்சூட்டில் இளகியிருப்பதால் அந்த அழுத்தத்துக்கு இணங்கிக் குறுகிவிடுகிறது. பின்னர் மேற்பக்கமும் குளிர்ந்து சுருங்கும்போது தண்டை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இதற்கிடையே கடினமாகும் பகுதிகள் வெவ்வேறு நேரத்தில் விரிகின்றன. இந்த இழுபறியில் எந்தச் சக்தி மிஞ்சுகிறதோ அதன் வழியில் தண்டு நிலையாகக் கோணிவிடுகிறது. இழுபறி எல்லை மீறினால் பாகம் வெடித்தும் போகும்.

தவிர்க்க இயலாததும் தவிர்க்கக் கூடியதும்

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். பாகம் முழுவதும் ஒரே சீராகச் சிறிது பெருத்தலோ குறுகுதலோ அளவு மாற்றம் எனப்படும். அது எஃகின் இயல்பு. அதை முற்றிலும் தடுக்க இயலாது. ஆனால் ஒரே வகை எஃகு, ஒரே வகைப் பதம் என்றால், அம்மாற்றம் ஏறக்குறைய ஒரே அளவாகவே இருக்கும். ஆகவே அதனை முன்கூட்டியே கணித்து, கடையும்போதே இடம் விட்டுவிடலாம். சாணையில் தேய்த்து முடிக்க வேண்டிய பரப்புகளில் 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை மிச்சம் வைப்பது இதன் பொருட்டேயாகும்.

வளைதல், முறுகுதல், நெளிதல் ஆகியவை உருக் கோணல் எனப்படும். இவை சீரின்மையால் விளைபவை. ஒரு பக்கம் கனம், மறுபக்கம் மெலிவு. ஒரு பக்கம் அதிகச் சூடு, மறுபக்கம் குறைவு. ஒரு பக்கம் முதலில் குளிர்தல், மறுபக்கம் பிந்திக் குளிர்தல். இச்சீரின்மைகளை ஒவ்வொன்றாக நீக்கினால் கோணலும் அந்த அளவுக்குக் குறையும். இனி, வேலை நடைபெறும் வரிசையிலேயே அவற்றைக் காண்போம்.

முதற்படி: வடிவமும் எஃகின் தேர்வும்

மெலிந்த பகுதி விரைவில் குளிரும். கனத்த பகுதி தாமதித்துக் குளிரும். இரண்டும் ஒரே பாகத்தில் திடீரென அடுத்தடுத்து வருமாயின் கோணலுக்கும் வெடிப்புக்கும் வழி ஏற்படும். எனவே கனம் படிப்படியாக மாறும்படி வரைய வேண்டும். உள்மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைவாக உருட்டிவிட வேண்டும். சாவிப்பள்ளம் தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் தண்டு வளைய முற்படும்; வேலைக்குத் தடையில்லையாயின், பதமிட்ட பின்னர் அப்பள்ளத்தைச் சாணையால் முடிக்கலாம், அல்லது எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் அமைத்துச் சமன் செய்யலாம். விளிம்பை ஒட்டிய சிறு துளைகளைத் தோய்க்குமுன் தீக்களிமண்ணாலோ எஃகுத் திருகாலோ அடைத்துவிடுவது நன்று. பழைய நூல்கள் இதற்குக் கல்நாரைப் பரிந்துரைத்தன. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பதால் அதை இன்று கையாளக் கூடாது.

எஃகின் தேர்வும் இப்படியில் அடங்கும். ஆலைகள் வழக்கமாகக் கேட்கும் இ.என். 8 எனும் கரி எஃகு, கனத்த பாகமாயின், விரைந்து குளிர்ந்தால்தான் கடினமாகும்; அதற்குப் பெரும்பாலும் நீர் தேவை. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த இ.என். 24 எண்ணெயிலேயே கடினமாகும். ஓ.எச்.என்.எஸ். எனும் கருவி எஃகும் எண்ணெயில் கடினமாகும். குரோமியம் மிகுந்த டி2 வகை எஃகைச் சுமார் 1000 டிகிரிக்கு மேல் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டாலே போதும். குளிர்விக்கும் வேகம் குறையக் குறையக் கோணலும் குறையும். விலை மிகுந்த எஃகு என்று தயங்குவோர், தள்ளுபடியாகும் பாகங்களின் விலையையும் கூட்டிக் கணக்கிட்டுப் பார்த்தபின் முடிவு செய்வது நலம்.

இரண்டாம் படி: உள்ளழுத்தம் நீக்குதல்

கம்பியாக இழுத்தபோதும், சம்மட்டியால் அடித்தபோதும், கடைசல் எந்திரத்தில் ஆழமாக வெட்டியபோதும், பற்றவைத்தபோதும் எஃகினுள் அழுத்தங்கள் தங்கிவிடுகின்றன. குளிர்ந்த எஃகு வலுவாக இருப்பதால் அவை வெளியே தெரிவதில்லை. சூடேறி எஃகு இளகும்போது அவை தளர்ந்து பாகத்தைக் கோணச் செய்கின்றன. நீரும் எண்ணெயும் தொடுமுன்பே உலைக்குள்ளேயே நிகழும் கோணல் இதுவேயாகும். வளைந்து வந்த கம்பியைக் குளிர்ந்த நிலையில் அடித்து நிமிர்த்திக் கடைந்தால், உலையில் அது தன் பழைய வளைவையே நாடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. பெரும்பகுதியைக் கடைந்தபின், கடைசி வெட்டுக்குச் சிறிது மிச்சம் வைத்து, பாகத்தை 550 முதல் 650 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். கனம் 25 மில்லிமீட்டருக்கு ஒரு மணி என்ற கணக்கில் அச்சூட்டில் வைத்திருந்து, உலையிலேயே மெதுவாக ஆறவிட வேண்டும். அப்போது தோன்றும் சிறு கோணலைக் கடைசி வெட்டு நீக்கிவிடும். பிறகு கடினமாக்கும்போது அப்பாகம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஒரு நாள் கூடுதலாகும் என்று இப்படியை விட்டுவிடுவோரே அதிகம். கோணலின் பெரும்பங்கும் அங்குதான் பிறக்கிறது.

மூன்றாம் படி: சூடேற்றுதல்

சூடு மெதுவாகவும் சீராகவும் ஏற வேண்டும். குளிர்ந்த பாகத்தை நேரே செஞ்சூட்டு உலையில் எறிந்தால் மெலிந்த பகுதி உடனே காய்ந்து விரியும். கனத்த பகுதி குளிர்ந்தே நிற்கும். சிக்கலான வடிவுள்ள கருவிகளை முதலில் 500 முதல் 650 டிகிரி வரை சூடேற்றி, உள்ளும் புறமும் ஒன்றாகும் வரை நிறுத்தி, அதன் பின்னரே மேலே உயர்த்த வேண்டும்.

தேவைக்கு மேல் சூடு கூடாது. இ.என். 8 எஃகிற்கு 830 முதல் 860 டிகிரி வரை போதும், ஓ.எச்.என்.எஸ். எஃகிற்கு 780 முதல் 820 வரை போதும். சூடு மிகுந்தால் எஃகின் மணிகள் பருத்து முறிதன்மை மிகும். தோய்க்கும்போது அதிர்ச்சியும் மிகும். கண்ணால் நிறம் பார்ப்பது பழகிய கைக்கு ஓரளவு உதவும். ஆயினும் பகல் வெளிச்சத்தில் ஒரு நிறமும் இருட்டில் வேறு நிறமும் தோன்றும். உலையில் வெப்பமானி ஒன்று பொருத்துவதே முறை. அதனை ஆண்டுக்கு ஒரு முறையேனும் சரிபார்க்க வேண்டும்.

செஞ்சூட்டில் எஃகு தன் எடையையே தாங்காது என்பதை மறத்தலாகாது. இரண்டு செங்கற்களின்மேல் பாலம்போல் வைத்த நீண்ட தண்டு நடுவில் தொய்யும். சுவரில் சாய்த்து வைத்தது சாய்வாகவே வளையும். ஆகவே நீண்ட பாகங்களைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். இயலாவிடில் நீளம் முழுவதும் சமமாகத் தாங்கும் தட்டில் கிடத்த வேண்டும். வளையங்களையும் தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல், சமதளத்தில் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். செந்தழலாய் இருப்பதைக் குறட்டினால் நடுவில் இறுக்கிப் பிடித்து உலுக்குவதும் கோணலுக்கு ஒரு காரணமாகும்.

நான்காம் படி: தோய்த்தல்

எஃகு கடினமாவதற்குப் போதுமான வேகம் எதுவோ அதுவே போதும். அதற்கு மேற்பட்ட வேகம் கோணலையே தரும். உப்பு நீர் மிக விரைவாகக் குளிர்விக்கும், அடுத்து வெறும் நீர், அதற்கடுத்து எண்ணெய், காற்று மிக மெதுவாகக் குளிர்விக்கும்.

தொட்டியைப் பற்றிக் கவனிக்க வேண்டியவை:

1. ஒரு கிலோ எஃகிற்கு 8 முதல் 10 லிட்டர் எண்ணெய் என்ற அளவில் தொட்டி இருக்க வேண்டும். சிறு தொட்டியில் பல பாகங்களை இட்டால் எண்ணெய் கொதித்து, கடைசியில் இட்டவை கடினமாகா.

2. தோய்ச்சல் எண்ணெய் 50 முதல் 70 டிகிரிச் சூட்டில் இருப்பது நலம். குளிர்ந்த எண்ணெய் தடித்திருக்கும். எல்லாப் பக்கமும் சமமாக ஓடாது.

3. எண்ணெயில் சிறிது நீர் கலந்தாலும் தீங்கு. குளிர்ச்சி சீர்கெடுவதோடு, நீர் ஆவியாகி எண்ணெய் பொங்கித் தீப்பற்றவும் கூடும்.

4. வண்டிகளில் வடித்த பழைய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது. அதன் தன்மை நிலையற்றது. புகையும் உடலுக்குக் கேடு.

செஞ்சூட்டு எஃகை நீரில் இட்டவுடன் அதைச் சுற்றி ஆவிப் போர்வை ஒன்று உண்டாகிறது. போர்வை இருக்கும் இடம் மெதுவாகவும், கலைந்த இடம் விரைவாகவும் குளிரும். இச்சீரின்மையை நீக்கவே தொட்டியைக் கலக்குகிறோம். பாகத்தையும் அசைக்க வேண்டும். ஆனால் நீண்ட தண்டைப் பக்கவாட்டில் வீசலாகாது. வீசினால் முன்பக்கம் முதலில் குளிரும். மேலும் கீழுமாகவே அசைக்க வேண்டும்.

இறக்கும் திசையே பாதி வேலை எனலாம். தண்டையும் துளைக்கருவியையும் செங்குத்தாக, நேராக, தயக்கமின்றி இறக்க வேண்டும். மெல்லிய தகட்டை விளிம்பின் வழியே இறக்க வேண்டும், தட்டையாக இடலாகாது. ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருந்தால் கனத்த முனை முதலில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் குழிந்த பாகத்தைக் குழி மேல்நோக்கியிருக்குமாறு இறக்க வேண்டும். கவிழ்த்து இட்டால் ஆவி உள்ளே சிக்கி நிற்கும்.

ஐந்தாம் படி: பதம் தணித்தல்

தோய்த்த பாகம் கை தாங்கும் சூட்டுக்கு வந்தவுடன், காலம் தாழ்த்தாது பதம் தணிக்க வேண்டும். இரவு முழுவதும் விட்டுவைத்த பாகம் காலையில் வெடித்திருப்பதுண்டு. வெட்டும் கருவிகளுக்கு 150 முதல் 200 டிகிரி வரையும், அதிர்ச்சி தாங்க வேண்டிய தண்டுகளுக்கு 500 டிகிரிக்கு மேலும் வழக்கமாகும். மெல்லிய தகடுகளையும் வளையங்களையும் இரண்டு சமமான எஃகுத் தட்டுகளுக்கிடையே இறுக்கி, அப்படியே பதம் தணித்தால் சிறு நெளிவுகள் அடங்கும்.

ஆலைகள் கையாளும் முறைகள்

மோட்டார்த் தொழிலில் பற்சக்கரங்கள் 900 முதல் 930 டிகிரிச் சூட்டில் மேற்பரப்பில் கரியேற்றப்பட்டுக் கடினமாக்கப்படுகின்றன. பெரிய பற்சக்கரங்களை அச்சுகளுக்கிடையே அழுத்திப் பிடித்தவாறே எண்ணெய் பாய்ச்சிக் குளிர்விப்பர். எஃகைச் சூடான எண்ணெயிலோ உருகிய உப்பிலோ இட்டு, உள்ளும் புறமும் ஒரே சூடாகும் வரை நிறுத்தி, பிறகு காற்றில் ஆறவிடும் முறையும் உண்டு. இதில் மார்ட்டென்சைட் எங்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிறப்பதால் இழுபறி குறைகிறது. 500 முதல் 550 டிகிரியில் மேற்பரப்பில் நைட்ரஜன் ஏற்றும் முறையில் உள்ளமைப்பு மாறும் எல்லைக்கே சூடு செல்வதில்லை, தோய்ச்சலும் இல்லை, எனவே கோணல் மிகக் குறைவு. இவற்றுக்குச் செலவு மிகுந்த சாதனங்கள் தேவை. சிறு பட்டறையினர் சாதனம் வாங்கும்முன், தம் பாகத்திற்கு இம்முறைகளில் எது ஏற்றது எனக் கேட்டறிந்து, அவ்வேலையை மட்டும் வெளியே கொடுத்து வாங்கலாம்.

கொல்லர் உலைக்கு

கிராமக் கொல்லர்கள் பலர் பழைய லாரிகளின் வில்பட்டைகளை வாங்கி அரிவாளும் வெட்டுக்கத்தியும் அடிக்கின்றனர். வில்பட்டை நல்ல எஃகே. ஆனால் சிலிக்கானும் மாங்கனீசும், சிலவற்றில் குரோமியமும் கலந்தது. அதனை நீரில் தோய்த்தால் கோணலும் வெடிப்பும் மிகும், எண்ணெயே ஏற்றது. உழைத்துக் களைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம்; ஆகவே ஓரங்களை நன்கு பார்த்தே எடுக்க வேண்டும்.

அடிக்கும்போது இருபுறமும் சமமாக அடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் நேரே தோய்க்காமல், செஞ்சூட்டுக்குக் காய்ச்சி அசையாக் காற்றில் ஆறவிடுவதை இரண்டு மூன்று முறை செய்தால் உள்ளழுத்தம் தணியும். வாயை முன்னதாகவே மெல்லியதாக்கிவிடாமல் ஒரு மில்லிமீட்டர் கனமாவது விட்டுவைத்து, தோய்த்தபின் சாணையில் தீட்ட வேண்டும். முதுகை முதலில் காய்ச்சி, சூடு வாய்ப்பக்கம் பரவுமாறு செய்தால் வாய் கருகாது. சூட்டின் அளவறிய ஒரு காந்தம் போதும்: சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றே தாண்டியதும் தோய்க்கலாம். பதம் தணிக்கும்போது, மெருகிட்ட வாயில் படரும் வைக்கோல் மஞ்சள் நிறம் சுமார் 220 டிகிரியையும், நீலம் சுமார் 300 டிகிரியையும் காட்டும்.

வாயும் முதுகும் வெவ்வேறு வேகத்தில் குளிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானியரின் வாள் சிறந்த சான்று. வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாயில் மெல்லியதாகவும் பூசித் தோய்ப்பர். வாய் கடினமாகி விரிகிறது. முதுகு அவ்வாறு விரிவதில்லை. அதனால் நேராக அடித்த வாள் முதுகுப் பக்கம் வளைகிறது. அவ்வளைவை அவர்கள் முன்னதாகவே எதிர்பார்த்து, வேண்டிய அளவுக்கே அமைத்துக்கொண்டனர். நம் அரிவாளிலும் இதே சக்தி செயல்படுகிறது. ஒரே வகை அரிவாள் எப்போதும் ஒரே பக்கம் சிறிது வளையுமாயின், அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் முன்னதாக வளைத்து அடித்தால் தோய்த்தபின் சரியாகும்.

கோணியதை நிமிர்த்தலாமா?

கடினமாக்கிய பாகத்தைக் குளிர்ந்த நிலையில் அடித்து நிமிர்த்தலாகாது. முறியும், அல்லது தெரியாத வெடிப்பு உண்டாகிப் பின்னர் எந்திரத்தில் முறிந்து விபத்தை விளைவிக்கும். பதம் தணித்தபின், தணித்த சூட்டுக்குச் சற்றுக் குறைவாகச் சூடேற்றி, அழுத்து எந்திரத்தில் மெல்ல நிமிர்த்தி, மீண்டும் அச்சூட்டிலேயே சிறிது நேரம் வைத்து ஆறவிட வேண்டும். அப்படிச் செய்த பாகத்தையும் வெடிப்புச் சோதனை செய்த பின்னரே அனுப்ப வேண்டும். நிமிர்த்தினோம் என்பதை மறைத்து ஆலைக்கு அனுப்புவது தொழிலுக்கு அழகன்று.

அளந்து எழுதுக

புதிய வேலை எதையும் முழுவதும் உலையில் இடுமுன், ஐந்து பாகங்களில் மட்டும் சோதனை நடத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எண் குத்தி, நீளம், குறுக்களவு, நேர்மை ஆகியவற்றை உலைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுத வேண்டும். தண்டை இரு முனைகளிலும் வி வடிவத் தாங்கிகளில் வைத்து உருட்டி, நடுவில் டயல் கேஜின் முள் எவ்வளவு அசைகிறது எனக் காண வேண்டும். முள் காட்டும் மொத்த வேறுபாட்டில் பாதியே வளைவின் அளவாகும். உள்ளழுத்தம் நீக்கிய பின்னும் ஒரு முறை அளந்தால், கோணல் எப்படியில் பிறக்கிறது என்பது தெரிந்துவிடும். ஐந்தும் ஒரே பக்கம் ஒரே அளவு மாறினால் அதற்கு இடம் விட்டுக் கடையலாம். ஐந்தும் ஐந்து விதமாகக் கோணினால் சூடேற்றுவதிலோ தோய்ப்பதிலோ சீரின்மை உள்ளது என அறிய வேண்டும். உலையின் சூடு, வைத்த நேரம், எண்ணெயின் சூடு, இறக்கிய திசை ஆகியவற்றையும் அதே ஏட்டில் குறித்துவைத்தால், அடுத்த வேலைக்கு அந்த ஏடே ஆசான்.

பாதுகாப்பு

எண்ணெய்த் தொட்டிக்கு மூடி அவசியம். தீப்பற்றினால் மூடியால் அடைக்க வேண்டும்; நீரை ஊற்றவே கூடாது. அருகே மணல் வாளியும் தீயணைப்பானும் இருக்க வேண்டும். பாதி தோய்ந்த நிலையில் பாகத்தை நிறுத்தினால் எண்ணெய் பற்றும். முழுதும் மூழ்குமாறு இறக்க வேண்டும். உருகிய உப்பில் ஈரமான பாகம் பட்டால் சிதறித் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, காலணி இன்றி எவரும் உலையருகே நிற்கலாகாது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. தொட்டியைத் தொடுமுன்பே பாகம் கோணியிருந்தால் காரணங்கள் யாவை?

2. அளவு மாற்றத்துக்கும் உருக் கோணலுக்கும் வேறுபாடு என்ன? எதற்கு இடம் விட்டுக் கடையலாம்?

3. ஒரு தண்டு எப்போதும் சாவிப்பள்ளத்தை ஒட்டியே வளைகிறது. எப்படியில் திருத்தம் செய்ய வேண்டும்?

4. உங்கள் பட்டறையின் சென்ற மாதத் தள்ளுபடி நூற்றுக்கு எத்தனை? அதன் விலை என்ன?

நான்காம் வினாவுக்கு உடனே விடை கூற இயலாதவர், இன்றே ஓர் ஏடு தொடங்குவாராக.

எஃகைச் சோதிக்கவும் பயிற்சி பெறவும் சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் தேசிய சிறுதொழில் கழகத்தின் தொழில்நுட்ப சேவை மையம் உள்ளது. உலையும் வெப்பமானியும் வாங்கக் கடனுதவி நாடுவோர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். வழி தெரியாதவர்க்கு வழி காட்ட ஊராட்சி ஒன்றிய அலுவலகங்கள் இருக்கின்றன.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. உலைத்தொழிலில் பதறுவது பெரும்பாலும் முதற்படிகளில்தான் நேர்கிறது. உள்ளழுத்தம் நீக்க ஒரு நாளும், சீராகச் சூடேற்ற ஒரு மணியும், அளந்து எழுதச் சில நிமிடங்களும் ஒதுக்குவோமாயின், நம் கிராமத்துப் பட்டறையில் செய்த பாகமும் ஆலையின் சோதனை மேசையில் நேராக நிற்கும். அந்தப் பட்டறையை நம்பியிருக்கும் குடும்பங்களும் நிமிர்ந்து நிற்கும்.